ஆய்வுக் கட்டுரையில் அரசு ஆவணங்களை மேற்கோள் காட்டுவது எப்படி?

ஆரணி, பெரியபாளையம், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கத்து மாணவர்கள் இன்று ப்ராஜெக்டுக்கு எடுக்கும் தலைப்புகளைக் கவனித்திருப்பீர்கள். சிப்காட் தொழிற்பேட்டையும் வேலைவாய்ப்பும், ஆரணியாற்று நீரின் தரம், மீஞ்சூர் பக்கம் கிணற்றில் ஏறும் உப்பு, பழவேற்காட்டு மீனவர் வாழ்க்கை. எதை எடுத்தாலும் பாதி ஆதாரம் அரசு ஆவணங்களில்தான் இருக்கிறது. அரசாணை, அரசிதழ், கணக்கெடுப்பு, தணிக்கை அறிக்கை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பதிவு என்று முன்பு அலுவலகம் அலுவலகமாக அலைந்து பார்த்தவற்றில் பெரும்பகுதி இப்போது உங்கள் கைப்பேசியிலேயே திறக்கிறது.

ஆனால் கட்டுரையின் கடைசிப் பக்கத்துக்கு வந்தால், "ஆதாரம்: தமிழ்நாடு அரசு இணையதளம்" என்று ஒரே வரி இருக்கும். 'கவர்ன்மென்ட் சைட்ல இருந்துதானே எடுத்தேன், அது போதாதா?' என்று கேட்கலாம். போதாது. அந்த இணையதளத்தில் ஆயிரக்கணக்கான ஆவணங்கள் உள்ளன. எதைப் படித்தீர்கள் என்று படிப்பவருக்குத் தெரியாது. தேர்வாளர் மதிப்பெண்ணைக் குறைப்பார் என்பது சின்ன விஷயம். உங்கள் கட்டுரையை நம்பி நாளை ஒருவர் கிராம சபையில் பேசலாம், மனு எழுதலாம், கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எழுந்து நிற்கலாம். அங்கே 'அப்படி ஒரு ஆணையே இல்லையே' என்று பதில் வந்தால் ஆணையின் எண்ணோடு ஊரின் நியாயமும் அடிபட்டுப் போகும். அதனால் இந்தப் பாடத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.

முதலில் ஐந்து கேள்விகள்

ஏபிஏ, எம்எல்ஏ, சிகாகோ, ஐஇஇஇ என்று மேற்கோள் முறைகள் பல. உங்கள் துறை எதைக் கேட்கிறதோ அதையே பின்பற்றுங்கள். காற்புள்ளி எங்கே, முற்றுப்புள்ளி எங்கே என்பதில்தான் அவை பெரும்பாலும் மாறுபடும். எல்லா முறைக்கும் தேவையான விவரம் ஒன்றுதான். எந்த அரசு ஆவணத்தைத் திறந்தாலும் இந்த ஐந்தையும் உடனே குறித்துக்கொள்ளுங்கள்.

1. யார் வெளியிட்டது? எந்தத் துறை, எந்த வாரியம், எந்த ஆணையரகம்?
2. என்ன ஆவணம்? தலைப்பும் எண்ணும்.
3. என்றைக்கு? முழுத் தேதி.
4. எந்தப் பக்கம், எந்தப் பத்தி, எந்த இணைப்பு?
5. எங்கே பார்த்தீர்கள்? இணைய முகவரி அல்லது நூலகம், அலுவலகம்.

'யார்' என்ற கேள்விக்கு 'தமிழ்நாடு அரசு' என்பது முழுப் பதில் ஆகாது. ஆவணத்தைத் தயாரித்த அலுவலகத்தையே ஆசிரியராகக் காட்ட வேண்டும். ஏபிஏ ஏழாம் பதிப்பு இதைத் தெளிவாகச் சொல்கிறது. நேரடியாகப் பொறுப்பான அமைப்பு ஆசிரியர் இடத்தில் வரும். அதற்கு மேலே உள்ள துறையோ அரசோ வெளியீட்டாளர் இடத்தில் வரும்.

ஊரின் பெயரில் இருக்கும் பொறி

நம்ம ஊரிலிருந்தே தொடங்குவோம். தமிழ்நாட்டில் ஆரணி என்ற பெயரில் பேரூர் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று திருவள்ளூர் மாவட்டத்துப் பேரூராட்சி. இன்னொன்று திருவண்ணாமலை மாவட்டத்து நகராட்சி, பட்டுக்குப் பேர்போனது. கைப்பேசியில் 'ஆரணி மக்கள்தொகை' என்று தேடினால் பெரும்பாலும் முதலில் வருவது பட்டு ஆரணிதான். அந்த எண்ணைத் தூக்கி நம்ம ஊர்க் கட்டுரையில் போட்டுவிட்டால் அதன்பிறகு போடும் கணக்கெல்லாம் தப்பு.

ஆற்றின் பெயரும் குழப்பும். ஆரணியாறு ஆந்திரத்தில் தோன்றி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி வழியாக வந்து பழவேற்காட்டுப் பக்கம் சேர்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி அருகே ஓடுவது கமண்டல நாகநதி. ஆங்கில ஆவணங்களில் எழுத்துக்கூட்டல் வேறு மாறும். ஒன்றில் 'ஆரணி', மற்றொன்றில் 'ஆர்னி', ஆற்றுக்கு 'ஆரணியார்'. மேற்கோளில் ஆவணம் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். உங்கள் கட்டுரையின் உடலில் ஒரே எழுத்துக்கூட்டலை வைத்துக்கொண்டு, முதல் தடவை வரும்போது மாவட்டத்தையும் வட்டத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மாவட்டமும் நிலையானதல்ல. திருவள்ளூர் மாவட்டம் 1997இல்தான் பிறந்தது. அதற்கு முந்தைய ஆவணங்களில் இந்தப் பகுதியைச் செங்கல்பட்டு மாவட்டத்தின் கீழ் தேட வேண்டும். 1991 கணக்கெடுப்பில் 'திருவள்ளூர் மாவட்டம்' என்று தேடினால் கிடைக்காது. அது போலவே 2011 கணக்கெடுப்பில் பொன்னேரி பேரூராட்சி. 2021இல் அது நகராட்சியாகத் தரம் உயர்ந்தது. பழைய ஆவணத்தின் பெயரை இன்றைய பெயருக்கு 'திருத்தி' எழுதக் கூடாது. வேண்டுமானால் அடிக்குறிப்பில் விளக்குங்கள்.

அரசாணை: எண் மட்டும் போதாது

அரசாணையைத் திறந்தால் மேலே சுருக்கம் இருக்கும். அதன் கீழே துறையின் பெயர், ஆணையின் வகையும் எண்ணும், நாள், 'படிக்கப்பட்டவை' என்ற பட்டியல், பிறகு 'ஆணை' என்ற தலைப்பு. தமிழ் அரசாணைகளில் ஆங்கிலத் தேதியோடு தமிழ் ஆண்டும் திருவள்ளுவர் ஆண்டும் இருக்கும். திருவள்ளுவர் ஆண்டு ஆங்கில ஆண்டைவிட 31 கூடுதல். மேற்கோளுக்கு ஆங்கிலத் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். 2054 என்று பார்த்துக் குழம்ப வேண்டாம்.

ஒவ்வொரு துறையும் ஒவ்வோர் ஆண்டும் எண்ணை ஒன்றிலிருந்து தொடங்குகிறது. அதனால் 'அரசாணை எண் 213' என்று மட்டும் சொன்னால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. வகையும் முக்கியம். 'நிலை' என்பது ஆங்கில ஆணைகளில் எம்.எஸ். என்று வரும். ஆர்.டி., டி என்று வேறு வரிசைகளும் உண்டு. ஒரே துறையில், ஒரே ஆண்டில், ஒரே எண் இரண்டு வரிசைகளில் இருக்கலாம்.

ஓர் உண்மையான எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஆறுகள், நீர்த்தேக்கங்கள் முதலான நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அதிகம் மாசுபடுத்தும் ஆலைகளை அமைக்கக் கூடாது என்ற ஆணை தொழிற்சாலைப் பகுதி ஆய்வுகளில் அடிக்கடி வரும். அதை இப்படிக் காட்டலாம்:

தமிழ்நாடு அரசு, சுற்றுச்சூழல் மற்றும் வனத்துறை. (1989). அரசாணை (நிலை) எண் 213, நாள் 30.03.1989.

இங்கே மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, துறையின் பெயர். இன்று அது 'சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத்துறை'. ஆணை வந்தபோது இருந்த பெயரைத்தான் மேற்கோளில் போட வேண்டும். இரண்டு, பின்னர் வந்த ஆணை. இதே பொருளில் 08.05.1998 நாளிட்ட அரசாணை (நிலை) எண் 127 வந்தது. பழையதை மட்டும் காட்டிவிட்டு நிறுத்தினால் பாதிக் கதைதான் சொன்னதாகும். புதிய ஆணையின் 'படிக்கப்பட்டவை' பட்டியலைப் பாருங்கள். அதற்கு முந்தைய ஆணைகளின் எண்ணெல்லாம் அங்கே வரிசையாக இருக்கும். மூன்று, இணைப்பு. எந்தெந்த ஆறுகளுக்கு ஆணை பொருந்தும் என்பது இணைப்புப் பட்டியலில் இருக்கும். 'நம்ம ஆற்றுக்கும் இது பொருந்தும்' என்று எழுதும் முன் இணைப்பைத் திறந்து, ஆற்றின் பெயரைக் கண்ணால் பார்த்து, 'இணைப்பு எண் இத்தனை, வரிசை எண் இத்தனை' என்று குறிப்பிடுங்கள். பார்க்காமல் எழுதாதீர்கள்.

சட்டம்: உயிரோடு இருக்கிறதா?

சட்டத்தை மேற்கோள் காட்ட மூன்று விவரம் போதும்: பெயர், சட்ட எண், ஆண்டு. அதோடு பிரிவு எண். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்தச் சட்டம் இப்போது நடைமுறையில் இருக்கிறதா?

நிலத்தடி நீர் பற்றி எழுதும் மாணவர்கள் பலர் தமிழ்நாடு நிலத்தடி நீர் (மேம்பாடு மற்றும் மேலாண்மை) சட்டம், 2003 என்பதைக் காட்டி, 'இச்சட்டம் நீர் எடுப்பதை ஒழுங்குபடுத்துகிறது' என்று எழுதிவிடுகிறார்கள். அந்தச் சட்டம் 2013இல் நீக்கப்பட்டது. இணையத்தில் அதன் கோப்பு இன்னும் இருக்கிறது. கோப்பு இருப்பதால் சட்டம் இருப்பதாகிவிடாது. வரலாறு சொல்லும்போது அதைக் காட்டலாம். அப்போது 'நீக்கப்பட்டது, 2013' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம்ம பகுதிக்கு மிக நெருக்கமானது இன்னொரு சட்டம்: சென்னைப் பெருநகரப் பகுதி நிலத்தடி நீர் (ஒழுங்குமுறை) சட்டம், 1987, அதாவது 1987ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் 27. சென்னைக் குடிநீருக்காக மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம், கன்னிகைப்பேர் முதலான இடங்களில் கிணற்றுத் தொகுதிகள் அமைந்த ஆரணியாறு–கொசஸ்தலையாறு வடிநிலப் பகுதியைப் பற்றி எழுதும் எவரும் இதைத் தாண்டிப் போக முடியாது. 'மெட்ராஸ்' என்று ஆங்கிலத்தில் இருந்த நகரப் பெயர் 1996இல் 'சென்னை' ஆனதால், பழைய அச்சில் இதே சட்டத்தைத் தேடும்போது 'மெட்ராஸ்' என்றும் தேடிப் பாருங்கள். சட்ட எண்ணும் ஆண்டும் மாறாது. அதனால்தான் அவை பெயரைவிட நம்பகமானவை. எந்தெந்த ஊர்களுக்குச் சட்டம் பொருந்தும் என்பது அட்டவணையில் இருக்கும். மேற்கோளில் அட்டவணையையும் குறிப்பிடுங்கள்.

மத்திய அரசின் அறிவிக்கைகளுக்கு அரசிதழ் எண் உண்டு. தொழிற்சாலைகளின் சுற்றுச்சூழல் அனுமதிக்கு அடிப்படையான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 14.09.2006 நாளிட்ட எஸ்.ஓ. 1533(ஈ). அடைப்புக்குள் உள்ள 'ஈ' என்ற எழுத்து அது இந்திய அரசிதழின் சிறப்பு வெளியீட்டில் வந்ததைக் காட்டுகிறது. இந்த அறிவிக்கை பல தடவை திருத்தப்பட்டிருக்கிறது. அதனால் 'திருத்தப்பட்டவாறு' என்று சேர்த்து, நீங்கள் பார்த்த திருத்தத்தின் தேதியையும் சொல்லுங்கள். மத்தியச் சட்டங்களின் திருத்திய வடிவத்தை 'இந்தியா கோட்' தளத்திலும், மாநில அரசிதழை எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறையின் தளத்திலும் பார்க்கலாம்.

அரசுத் தளத்தில் இருப்பதெல்லாம் அரசு எழுதியதல்ல

இந்தப் பாடத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓர் ஆலை வரப்போகிறது, அல்லது விரிவாக்கம் என்றால், அதன் வரைவு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வரும். மாணவர் அதைத் திறக்கிறார். 'காற்றின் தரம் வரம்புக்குள் உள்ளது' என்று படிக்கிறார். கட்டுரையில், 'காற்றின் தரம் வரம்புக்குள் இருப்பதாகத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூறுகிறது' என்று எழுதுகிறார்.

வாரியம் அப்படிக் கூறவில்லை. அந்த அறிக்கை ஆலை நிறுவனத்துக்காக ஓர் ஆலோசனை நிறுவனம் தயாரித்தது. வாரியம் அதை மக்கள் படித்துக் கருத்துச் சொல்வதற்காக வெளியிட்டது. ஆசிரியர் இடத்தில் ஆலோசனை நிறுவனத்தின் பெயர் வர வேண்டும். 'இன்ன நிறுவனத்துக்காகத் தயாரித்தது, வரைவு' என்ற குறிப்பு வர வேண்டும். வாரியத்தின் தளம் 'எங்கே பார்த்தீர்கள்' என்ற ஐந்தாம் கேள்விக்குத்தான் பதில். முதல் பக்கத்தையும், தயாரித்தவர் விவரம் உள்ள பக்கத்தையும் படித்தால் இது விளங்கும்.

அதே திட்டத்துக்கான கருத்துக் கேட்புக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு வேறு வகை. 2006 அறிவிக்கையின்படி, குறைந்தது 30 நாள் அவகாசம் கொடுத்து, மாவட்ட ஆட்சியர் அல்லது அவரது பிரதிநிதி தலைமையில், வாரியம் அந்தக் கூட்டத்தை நடத்துகிறது. அந்தக் குறிப்பு வாரியத்தின் ஆவணம். ஆனால் அதற்குள் பேசியவர் ஒரு விவசாயியாக இருக்கலாம், நிறுவனத்தின் அதிகாரியாக இருக்கலாம். 'வாரியக் குறிப்பில் பதிவானபடி, ஓர் ஊர்க்காரர் தன் கிணற்று நீர் கெட்டதாகச் சொன்னார்' என்று எழுதுவது சரி. 'கிணற்று நீர் கெட்டது என்று வாரியம் ஒப்புக்கொண்டது' என்று எழுதுவது தவறு. உங்கள் மனம் எந்தப் பக்கம் இருந்தாலும் இந்த வேறுபாட்டை விட்டுவிடாதீர்கள். நிறுவனத்தின் கூற்றை அரசின் கூற்றாக்குவதும், மனுவை முடிவாக்குவதும் ஒரே வகைப் பிழை.

எந்த ஆண்டைப் போடுவது?

2015 வெள்ளம் பற்றி எழுதுவோர் தவறாமல் காட்டும் ஆவணம், சென்னை மற்றும் புறநகர்ப் பகுதிகளின் வெள்ள மேலாண்மை குறித்துச் சிஏஜி எனப்படும் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் தந்த செயல்திறன் தணிக்கை அறிக்கை. அதன் எண் '2017ஆம் ஆண்டின் அறிக்கை எண் 4'. சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது 2018 ஜூலையில். செய்தித்தாள்கள் 2018இல் எழுதியதால் சிலர் '2018 அறிக்கை' என்கிறார்கள். அறிக்கையின் அடையாளம் அதன் எண்ணில் உள்ள 2017தான். பேரவையில் வைத்த தேதி உங்கள் வாதத்துக்குத் தேவையென்றால் வாக்கியத்தில் தனியாகச் சொல்லுங்கள்.

கணக்கெடுப்பிலும் இதே கதை. '2011' என்பது கணக்கெடுப்பின் ஆண்டு. அது தலைப்பில் வரும். கையேடு அச்சான ஆண்டு வேறு. அது ஆவணத்தின் முன்பக்கங்களில் இருக்கும். திருவள்ளூர் மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டுக்கு ஊர், நகர விவரத் தொகுதி ஒன்று, முதன்மைக் கணக்கெடுப்புச் சுருக்கம் ஒன்று என்று இரண்டு பகுதிகள் உண்டு. எதைப் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். 2011 கணக்கெடுப்பில் ஒவ்வொரு ஊருக்கும் ஆறு இலக்கக் குறியீடு இருக்கிறது. அட்டவணைக் குறிப்பில் அதையும் போட்டுவிட்டால் இரண்டு ஆரணிக் குழப்பத்துக்கு இடமே இல்லை.

தகவல் உரிமைப் பதிலும் இணையச் சான்றுகளும்

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்டு வாங்கிய பதிலையும் மேற்கோள் காட்டலாம். அது வெளியிடப்படாத ஆவணம். பொதுத் தகவல் அலுவலரின் பதவி, அலுவலகம், கடித எண், நாள் ஆகியவற்றைக் கொடுத்து, பதிலின் நகலைப் பின்னிணைப்பாகச் சேருங்கள். அதிகாரியின் பெயர் தேவையில்லை, பதவி போதும். பதில் வர 30 நாள் ஆகலாம் என்பதால் ப்ராஜெக்ட் தொடங்கும் வாரத்திலேயே விண்ணப்பியுங்கள்.

பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று போன்றவை இணையத்தில் எடுக்க முடிவதால் அவற்றையும் சிலர் கட்டுரையில் அப்படியே ஒட்டுகிறார்கள். அவற்றில் தனிநபர் பெயர் இருக்கிறது. ஊர்ப் பெயரும் நில வகையும் உங்கள் ஆய்வுக்குப் போதுமென்றால் உரிமையாளர் பெயரையும் பட்டா எண்ணையும் மறைத்துவிடுங்கள். பார்த்தறிய எவருக்கும் உரிமை இருப்பது வேறு, அச்சில் போடுவது வேறு.

கைப்பேசியில் வேலை செய்வோருக்கு

- வாட்ஸ்அப்பில் வந்த கோப்பை மேற்கோள் காட்டாதீர்கள். அதிலுள்ள எண்ணை வைத்துத் துறையின் தளத்தில் மூலத்தைத் தேடுங்கள். முகவரி 'ஜிஓவி டாட் இன்' அல்லது 'என்ஐசி டாட் இன்' என்று முடிகிறதா பாருங்கள்.
- ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. முழுக் கோப்பையும் இறக்கி, 'துறை–எண்–நாள்' என்று பெயர் மாற்றிச் சேமியுங்கள். 'டவுன்லோட் 17' என்று கிடந்தால் அடுத்த மாதம் உங்களுக்கே தெரியாது.
- திரையில் '12/84' என்று காட்டுவது கோப்பின் பக்கம். தாளில் அச்சான பக்க எண் வேறாக இருக்கும். அச்சான எண்ணையே எடுங்கள்.
- அரசுத் தளங்கள் புதுப்பிக்கும்போது இணைப்புகள் மாறும். பக்கத்தை 'வேபேக் மெஷின்' தளத்தில் சேமித்து அந்த முகவரியையும் வைத்துக்கொள்ளுங்கள். அன்றாடம் மாறும் தரவுப் பக்கமென்றால் பார்த்த தேதி கட்டாயம்.
- பழைய தமிழ்க் கோப்புகளில் நகலெடுத்து ஒட்டினால் எழுத்து சிதையும். பழைய எழுத்துருவின் வேலை அது. பார்த்துத் தட்டச்சு செய்து, இரண்டு தடவை ஒப்பிடுங்கள்.
- ஆங்கிலக் கட்டுரையில் தமிழ் ஆணையைக் காட்டும்போது தமிழ்த் தலைப்பை ஒலிபெயர்த்து, பக்கத்திலேயே சதுர அடைப்புக்குள் ஆங்கிலப் பொருளைத் தாருங்கள்.
- செயற்கை நுண்ணறிவுச் செயலி தந்த அரசாணை எண்ணை அப்படியே போடாதீர்கள். இல்லாத எண்ணையும் அது இருப்பது போலச் சொல்லும். கோப்பைத் திறந்து பார்த்த பிறகே எழுதுங்கள்.
- செய்தித்தாளில் மட்டும் படித்த ஆணையென்றால் செய்தித்தாளையே மேற்கோள் காட்டுங்கள். படிக்காத ஆணையைப் படித்ததுபோல் காட்டக் கூடாது.

இன்றே செய்து பார்க்க ஒரு பயிற்சி

உங்கள் ஊரைப் பற்றிய ஓர் அரசாணையையோ அறிக்கையையோ இன்று கைப்பேசியில் இறக்குங்கள். ஐந்து கேள்விக்கும் பதில் எழுதுங்கள். பிறகு அந்தக் குறிப்பை மட்டும் நண்பர் ஒருவருக்கு அனுப்பி, 'இந்த ஆவணத்தைத் தேடி, நான் சொன்ன பத்தியைப் படிச்சுச் சொல்லு' என்று கேளுங்கள். கோப்பையோ லிங்க்கையோ அனுப்பாதீர்கள். பத்து நிமிடத்துக்குள் அவர் சரியான பத்தியைப் படித்துக் காட்டினால் உங்கள் மேற்கோள் சரி. எங்கேயாவது தடுமாறினால், எந்தக் கேள்விக்கான பதில் குறைவு என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு சரிசெய்யுங்கள்.